ஒரு சாரண ஆசிரியரின் நாட்குறிப்பு: 2024–25 கல்வியாண்டு

14 ஜூன் 2024, வெள்ளி

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே சாரணர் படையைக் கூட்டிவிட வேண்டும் என்பதில் நான் எப்போதும் பிடிவாதமாக இருப்பேன். ஜூனைத் தவறவிட்டால் இடைத்தேர்வு, சுதந்திர தின ஒத்திகை, காலாண்டுத் தேர்வு என்று மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் கொடியேற்றத்தன்று மட்டும் சீருடை அணிந்து வரிசையில் நிற்கும் கூட்டமாகப் படை சுருங்கிவிடும். இன்று மாலை வேப்பமரத்தடியில் பழைய சாரணர்கள் கூடினார்கள். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட அணித் தலைவர்கள் இருவரும் சிறப்பு வகுப்புக்குப் போகும் வரிசையில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் உயர்நிலைப் பள்ளிகளில் சாரணர் இயக்கத்துக்கு ஏற்படும் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆறாம் வகுப்பில் பிரவேஷ் என்னும் தொடக்க நிலையில் சேரும் சிறுவன், பிரதம சோபான், த்விதீய சோபான், திரிதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ஏழெட்டுப் பேரைத் தன் பொறுப்பில் நடத்திச் செல்லும் பக்குவத்தை ஒன்பதாம் வகுப்பின் முடிவில்தான் அடைகிறான். அந்த நேரம் பார்த்துப் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடுங்க சார்" என்று கேட்கும் தாயிடம் வாதாட எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டப்போகும் முதல் பிள்ளையாக அவன் இருக்கக்கூடும். ஆகவே மாற்றத்தைப் படைக்குள்தான் செய்தாக வேண்டும். இந்த ஆண்டு முதல் அணித் தலைவர்களை எட்டாம் வகுப்பிலிருந்தே தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் வகுப்பினரை அவர்களுக்குத் துணையாக நிறுத்துவது என்றும், துணை அணித் தலைவன் மாதத்தில் ஒரு கூட்டத்தைத் தன்னந்தனியாக நடத்தியே தீர வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

12 ஜூலை 2024, வெள்ளி

பொது மாறுதல் கலந்தாய்வில் எங்கள் சாரணிய ஆசிரியைக்கு அவருடைய சொந்த மாவட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. வயதான பெற்றோருக்கு அருகில் போய்ச் சேர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர் அவர், மகிழ்ச்சியோடுதான் வழியனுப்பினோம். ஆனால் ஒருவர் இடம் மாறியதும் ஒரு படையே ஆதரவற்றுப் போவதை அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆசிரியர் மாறுதலாகிப் போன பிறகு பதிவு புதுப்பிக்கப்படாமல், கூடாரத் துணியும் கயிறுகளும் விளையாட்டு அறையின் மூலையில் மட்கிப்போய்க் கிடக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்த நிலை நமக்கு வராது என்று நான் நம்புவதற்குக் காரணம், போகும்போது அவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன பழுப்பு அட்டை போட்ட நீளக் குறிப்பேடு. ஒவ்வொரு சாரணியருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இரத்த வகை, வீட்டில் யாரிடம் தொலைபேசியில் பேச வேண்டும், எந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி என்பதெல்லாம் நீல மையில் இருக்கின்றன. சிவப்பு மையில் வேறு வகையான குறிப்புகள்: "காலையில் சாப்பிடாமல் வருவாள், அணிவகுப்புக்கு முன் கேட்க வேண்டும்", "தண்ணீரைக் கண்டால் பயம், கட்டாயப்படுத்த வேண்டாம்", "தங்கையை அழைத்து வர அனுமதித்தால் வருவாள்." நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சியிலும் பொறுப்பு ஒப்படைப்பை இவ்வளவு நன்றாக யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பெண் பொறுப்பாளர் இல்லாமல் சாரணியர் பிரிவை நடத்துவது முறையாகாது. புதிய ஒருவரைத் தேடியபோது கிடைத்த மறுமொழிகள் அனைத்தும் நியாயமானவையே. ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் ஏற்கெனவே இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தையும் தேசிய பசுமைப் படையையும் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவேற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். "ஆர்டர் போட்டுவிடட்டுமா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். உத்தரவின் பேரில் வருபவர் பதிவேட்டில் இருப்பாரே தவிர மைதானத்துக்கு வரமாட்டார் என்று எடுத்துச் சொல்லி, ஒரு மாத அவகாசம் வாங்கினேன். இறுதியில் இளைய அறிவியல் ஆசிரியை, ஐந்தேகால் மணிப் பேருந்தைத் தவறவிடாமல் போக முடியுமானால் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். கூட்ட நேரத்தையே மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளைக்கு மாற்றிவிட்டோம். தன்னார்வலர் கிடைப்பதில்லை என்று எல்லா இடங்களிலும் புலம்பல் கேட்கிறது. ஆனால் வர விரும்புகிறவரின் வீட்டு நேரத்துக்கு ஏற்ப வேலையை அமைத்துக் கொடுக்கிற இடங்கள் மிகச் சில.

21 ஆகஸ்ட் 2024, புதன்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவியருக்குப் பாலியல் கொடுமை இழைத்த செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது. இன்று காலை வாயிலில் மூன்று தாய்மார்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. முகாமில் பெண் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், இரவில் அவர்களோடு யார் இருப்பார்கள், வெளியாள் யாராவது வந்தால் அவரை யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்டார்கள்.

சீருடைக்கும் விசிலுக்கும் நம் ஊரில் தனி மரியாதை உண்டு. அவற்றை அணிந்து வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பதற்குப் பள்ளிகள் கூசுகின்றன. அந்தக் கூச்சம்தான் இப்படிப்பட்டவர்களுக்கு வழிவிடுகிறது. குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பதற்கென்று உலகச் சாரணர் அமைப்பு ஒரு தனிக் கொள்கையை வகுத்து, அதை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. இவை இரண்டும் பள்ளி மைதானத்தில் நடைமுறையாக மாற வேண்டுமானால், தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு சுவரில் ஒட்டப்பட்ட ஒரு தாள் வேண்டும். மதியம் அமர்ந்து அதை எழுதினோம். எந்த நேரத்திலும் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது; மாணவியர் கலந்துகொள்ளும் முகாம் என்றால் இரண்டு ஆசிரியைகள் வராமல் பேருந்து புறப்படாது; வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் எவராயினும் மாவட்ட அமைப்பிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாயிலைத் தாண்டலாம். இந்த விதிகள் எனக்கும் பொருந்தும் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். அந்த மூன்று தாய்மார்களில் ஒருவர், தானே முகாமுக்கு வந்து இரவு தங்கத் தயார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாள் ஒட்டப்பட்டதை விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஊரில் குடமுழுக்கு. விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டபடி சாரணர்களை அழைத்துப் போயிருந்தோம். தண்ணீர்ப் பந்தலும் முதலுதவியும்தான் எங்கள் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் யாகசாலையிலிருந்து கடம் புறப்படும் நேரத்தில் கூட்டம் நெருக்கியதும், விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் ஏழாம் வகுப்புப் பையன்களின் கையில் வடக்கயிற்றைக் கொடுத்து மக்களைத் தடுத்து நிற்கச் சொல்லிவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வந்த பிள்ளைகளுக்குப் பத்து மணி வரை ஒரு வாய் பொங்கல்கூடக் கிடைக்கவில்லை. அறிவியல் ஆசிரியைதான் முதலில் பார்த்தார். கயிற்றைப் பையன்களிடமிருந்து வாங்கி நேராகக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பந்தலுக்கு அழைத்து வந்தார்.

பிறருக்கு உதவுவது சாரணர் உறுதிமொழியிலேயே இருக்கிறது. சேவை வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும், தவறிப்போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பதும், மயங்கி விழுந்தவரை நிழலில் கிடத்துவதும் பன்னிரண்டு வயதுச் சிறுவனை வளர்க்கும் வேலைகள். ஆயிரக்கணக்கான பெரியவர்களின் நெரிசலைத் தோளால் தாங்குவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. இனிமேல் விழாவுக்கு அழைக்கிறவர்கள் வேலை என்ன, எத்தனை மணி நேரம், உணவு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று அணித் தலைவர்களே கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். மறுப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகளை முன்னே நிறுத்த மாட்டேன்.

7 நவம்பர் 2024, வியாழன்

இயக்கத்தின் நிறுவன நாள். 1950-ஆம் ஆண்டு இதே நாளில்தான் பல அமைப்புகளாகப் பிரிந்து கிடந்த சாரணர் இயக்கம் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் கொடி வில்லைகள் கொடுத்து முடித்த பிறகு, இந்தியச் சிறுவர்களுக்கு இடம் தர மறுக்கப்பட்ட காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் சென்னையில் அவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கியதையும், 1921-இல் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது, முன்பு இடம் தர மறுத்த சாரணர் சங்கத்தோடு இணைந்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்ப அவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தது யாரு சார்?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டாள். அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய அருண்டேல் போன்றவர்கள் துணை நின்றதைச் சொன்னேன். அந்தக் கேள்வி நாள் முழுவதும் என்னோடு இருந்தது. அமைப்பு உருவாவதற்கு முன்பே பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்க ஆட்கள் முன்வந்திருக்கிறார்கள்.

6 டிசம்பர் 2024, வெள்ளி

மணப்பாறையில் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடக்கவிருக்கும் வைர விழாப் பெருந்திரளணிக்கு, அதாவது பல மாநிலச் சாரணர்கள் கூடித் தங்கும் பெருமுகாமுக்கு, எங்கள் பள்ளிக்குக் கிடைத்த இடங்கள் குறைவு. யாரை அனுப்புவது என்பதில் ஆளுக்கொரு யோசனை வந்தது. நன்றாகப் படிக்கிறவர்களை அனுப்பலாம் என்றார் ஓர் ஆசிரியர். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் பேரனுக்காகச் சொல்லியனுப்பினார். அந்தச் சிறுவன் சேர்ந்ததே அக்டோபரில்தான்.

இந்த முடிவை நானே எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் 1907-இல் பிரவுன்சீ தீவு முகாமில் பேடன் பவல் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு சிறுவனைத் தலைவனாக்கி, அவனிடமே பொறுப்பைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்துதான் இந்த இயக்கமே தொடங்குகிறது. அணி முறையைச் சுவரொட்டியில் எழுதிவிட்டு முக்கியமான முடிவுகளையெல்லாம் ஆசிரியர் அறையில் எடுப்போமானால், பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள். ஆகவே அணித் தலைவர்களின் அவையான கோர்ட் ஆஃப் ஹானரைக் கூட்டினோம். நானும் அறிவியல் ஆசிரியையும் ஆலோசகர்களாகச் சுவரோரம் அமர்ந்தோம்.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வருகைப் பதிவு, சோதனை முன்னேற்றம், சென்ற மாத நடைப்பயணத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தது ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்தார்கள். பருந்து அணியின் தலைவனுக்குத் தன் உயிர்த் தோழனின் பெயரை நீக்க வேண்டியிருந்தது. கோடு போட்ட நோட்டில் அந்தப் பெயரை எழுதினான், அடித்தான், மீண்டும் மேலே எழுதினான். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அவன் ஹைக்குக்கு வரல" என்று சொல்லிப் பட்டியலை அடுத்தவனிடம் தள்ளினான். மல்லிகை அணித் தலைவி உடனே, போகாதவர்களுக்காக முகாமிலிருந்து திரும்பியதும் இங்கேயே ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். குறிப்பேட்டில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்தக் குறிப்பேட்டைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, ஊர்ப் பெரியவரிடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

5 பிப்ரவரி 2025, புதன்

மணப்பாறை சிப்காட் வளாகத்திலிருந்து திரும்பி, இன்றுதான் உடல் அலுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. மைதானம் முழுக்கக் கூடாரங்கள், பிற மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள், விடிய விடியக் கேட்ட பாட்டுகள் பற்றியெல்லாம் பிள்ளைகளே எழுதட்டும். நான் குறித்து வைக்க விரும்புவது ஒரே ஒரு மாலையைத்தான்.

காய்ச்சல் கண்ட ஒரு சிறுவனை மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்த நேரத்தில் கலை நிகழ்ச்சி முடிந்து பெருங்கூட்டம் ஒரே பாதையில் திரும்ப, எங்கள் பையன்களில் ஒருவன் பிரிந்துபோனான். எல்லோரையும் இருவர் இருவராக இணை சேர்த்திருந்ததால் அவன் இல்லாததை அவனுடைய இணை உடனே கவனித்திருக்கிறான். அணித் தலைவன் தேடி ஓடவில்லை. மீதிப் பேரை ஓரமாக உட்கார வைத்துத் தலை எண்ணச் சொல்லி, துணைத் தலைவனை மட்டும், முதல் நாளே குறித்துவைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பியிருக்கிறான். தவறிப்போனவனும் தொட்டியடிக்கே போய் நின்றிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். நடந்ததை இரவு அணிக் கூட்டத்தில்தான் எனக்குச் சொன்னார்கள். நான் அருகில் இல்லாத நேரத்தில் படை சரியாக நடந்திருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து உழைத்தது இதற்காகத்தான்.

22 பிப்ரவரி 2025, சனி

பேடன் பவலும் அவர் துணைவியார் ஒலேவ் அம்மையாரும் பிறந்த நாள் ஒன்றே என்பதால் சாரணியர் இதைச் சிந்தனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஒரு நாள் முகாமை இன்றைக்கே வைத்துக்கொண்டார்கள். மணப்பாறைக்குப் போகாதவர்களுக்குக் கழிகளைக் கட்டிப் பாலம் அமைக்கக் கற்றுக்கொடுத்தவன் பருந்து அணித் தலைவன். அவனுக்கு எதிரே கயிற்றைப் பிடித்து நின்றவன், பட்டியலில் பெயர் நீக்கப்பட்ட அந்தத் தோழன்.

அடுத்த ஆண்டு வேலைகள் தொடங்கிவிட்டன. அறிவியல் ஆசிரியை கோடையில் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சிக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். அந்த நாள்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய மாமியார் ஊரிலிருந்து வருகிறார். அவருடைய பணிவிடுப்புக் கடிதத்தைத் திங்கட்கிழமையே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். நீளக் குறிப்பேட்டைப் பார்த்து, சாரணர் பிரிவுக்கும் அதேபோல் ஒன்று தயாராகிறது. பாதிப் பக்கங்களை அணித் தலைவர்களே நிரப்பியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28-இல் தொடங்குகிறது. அது முடிந்ததும் ஒரு வாரம் வந்து சின்னவர்களுக்கு முடிச்சுகளும் முதலுதவியும் சொல்லித்தர வேண்டும் என்று பழைய அணித் தலைவர்கள் இருவரிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவன் வருவதாகச் சொல்லிவிட்டான். இன்னொருவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். நாளை மாலை அவர்கள் வீட்டுக்கே போய் அப்பாவிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.