அம்மாவைப் பராமரிக்க ஆள் வைத்தேன்: அலைந்ததும் அறிந்ததும்

"வியாபாரப் பதிவு இலக்கம் இல்லாமல் சேமலாப நிதிக்குப் பதிய முடியாது, டீச்சர்." அம்மாவைப் பராமரிக்கும் பெண்ணை, வேலை செய்பவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் பதியத் திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்கு மூன்றாவது தடவை போனபோதுதான் இதைச் சொன்னார்கள். முதல் தடவை உரிய உத்தியோகத்தர் லீவு. இரண்டாவது தடவை படிவத்தைக் கையில் தந்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். நிரப்பிக் கொண்டுபோன பிறகு இந்தப் பதில். ஒரு வீட்டுக்கு வியாபாரப் பதிவு எங்கிருந்து வரும்?

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காமல் போனதிலிருந்து, நான் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் அவரோடு ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் அக்கா கிடைத்தார். சம்பளம் பேசியதெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிட்டது. குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று முதுகு ஒடியும் வேலை அவருக்கு. கடையில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கு முதலாளி சம்பளத்தில் 12 சதவீதத்தைச் சேமலாப நிதிக்குக் கட்டுகிறார், அவளும் தன் பங்காக 8 சதவீதம் போடுகிறாள். இந்த அக்காவுக்கும் அது கிடைக்கவேண்டும் என்றுதான் படியேறினேன்.

அன்று எழுதுவினைஞர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "உங்கள் தம்பிக்குக் கடை இருக்கிறதுதானே? அதில் வேலை செய்கிறார் என்று போட்டுவிடுங்கள்." இதைச் செய்யாதீர்கள். பொய்த் தகவலில் கையெழுத்து வைப்பது நீங்கள், அகப்படுவது கடைக்காரர். நாளைக்கு ஏதாவது நடந்தால், கடைக்கு ஒருநாளும் போகாத பெண் கடையில் வேலை செய்ததாக எப்படி நிரூபிப்பது? நான் மறுத்துவிட்டு எழுந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த வயதான உத்தியோகத்தர்தான் கூப்பிட்டு இருத்தி விஷயத்தைச் சொன்னார். தனியார் வீட்டில் செய்யும் வீட்டு வேலை ஊழியர் சேமலாப நிதியத்துக்குள் வராது. முதல் நாளே இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு அரைநாள் லீவு மிஞ்சியிருக்கும். இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்ன மற்றவை அதைவிடச் சுட்டன. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் தொகைக்கான 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும் வீட்டுப் பணியாளருக்கு இடமில்லை. தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் 2016இல் வந்தபோது அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. வீட்டுப் பணியாளருக்கென்றே இருக்கும் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது, அதுவும் அவர்களைப் பதிவேட்டில் எழுதிவைப்பதற்கு. அம்மாவைத் தொட்டுத் தூக்குகிற கைகளுக்கு இந்த நாடு எழுதிவைத்தது இவ்வளவுதானா என்று உட்துறைமுக வீதி வழியே நடந்து வரும்போது மனம் கொதித்தது.

ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகாது. வாய்ப்பேச்சில் வேலைக்கு வைத்தால் பிறகு சண்டை வரும்போது இரு தரப்பிடமும் ஒன்றும் இருக்காது. எனவே ஒப்பந்தமாக எழுதினோம். 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாத வேதனமான 30,000 ரூபாவையே அடித்தளமாக வைத்தேன். வேலை நேரம், ஞாயிறு லீவு, போயா தினங்கள், ஒரு மாத முன்னறிவித்தல் எல்லாம் சேர்ந்தன. அம்மாவைத் தூக்கும்போது அவருக்குக் காயமோ முதுகு நோவோ வந்தால் வைத்தியச் செலவு என்னுடையது, வேலைக்கு வராத அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று தனிப் பந்தியாக எழுதினோம். மருந்து விஷயத்தையும் எழுதுங்கள். எழுதி ஒட்டிய அட்டவணைப்படி குளிசை கொடுப்பது அவர் வேலை. ஊசி போடுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் தாதியின் வேலை, அவற்றை அக்காவிடம் கேட்கக்கூடாது.

இதிலும் ஒரு வீண் பயணம். அக்காவின் நற்சான்றிதழுக்கு எங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தரிடம் போய் நின்றேன். பணியாளர் வசிக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தரே தரவேண்டும், பணியாளரும் நேரில் வரவேண்டும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். சமாதான நீதவான் முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போனபோது அக்கா அடையாள அட்டையை வீட்டில் விட்டு வந்திருந்தார், திரும்பி வந்தோம். ஆனால் அதற்காக அவருடைய மூல அட்டையை நீங்கள் வாங்கி வைத்திருக்காதீர்கள். பிரதி போதும். சிலர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அது பெரிய தவறு.

சேமலாப நிதிக்கு மாற்று பிரதேச செயலகத்தில் கிடைத்தது. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில், அரச ஓய்வூதியம் இல்லாதவர்கள் தாங்களாகவே சேரலாம். வயதெல்லை இருக்கிறது, தள்ளிப்போடாமல் கேளுங்கள். 30,000 ரூபாவில் 12 சதவீதம் 3,600. அதற்குக் கிட்டிய தவணையைத் தெரிவுசெய்தோம், முழுவதும் நான் கட்டுகிறேன். ஒரே நாளில், ஒரே மேசையில் முடிந்தது. பற்றுச்சீட்டு அவர் பெயரில் வந்தபோது அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"தங்கச்சி, நான் வேலையை விட்டாலும் இது என்னுடையதா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. வருகிற மாதம் அக்காவின் மகளின் பிரசவத்துக்காக அவருக்கு இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு வாரத்துக்கு அம்மாவைப் பார்க்க உப்புவெளிப் பக்கம் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். நாளை பாடசாலை விட்டதும் போய்ப் பேசவேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும் கையோடு கொண்டுபோகிறேன்.