எடை மெஷினிலிருந்து டேப்புக்கு மாறினேன்: என் மெனோபாஸ் வருடங்கள்

நாற்பத்தெட்டு வயது வரை என் எடை பெரிதாக மாறியதில்லை. மாற ஆரம்பித்த பிறகும் மெஷினில் கூடுதலாகத் தெரிந்தது நாலைந்து கிலோதான். ஆனால் கண்ணாடியில் தெரிந்ததற்கும் அந்த நாலைந்து கிலோவுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கையும் தொடையும் முன்பைவிட ஒடுங்கியிருந்தன. வயிறு மட்டும் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தன் இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

"இந்த வயசுல போடத்தான் செய்யும், விடு" என்றாள் அக்கா. அவளுக்கும் அப்படித்தான் போட்டது, அவளும் விட்டுவிட்டாள். எனக்கு விட மனமில்லை. அம்மா சர்க்கரை நோயோடும் இடுப்பெலும்பு முறிவோடும் கடைசி வருடங்களைக் கழித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மகளிர் மருத்துவர் முதலில் செய்தது டேப்பை எடுத்து இடுப்பை அளந்ததுதான். 94 செ.மீ. என் உயரம் 158. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 79 என்றார். கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ரத்தப் பரிசோதனைகள்: தைராய்டு, மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c), கொழுப்பு, வைட்டமின் டி, சிறுநீரகம். தைராய்டு குறைந்தாலும் எடை போடும், களைப்பு வரும், மெனோபாஸ் தலையில் பழியைப் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்றார். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்டார். சில மனச்சோர்வு மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூட எடையைக் கூட்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. சர்க்கரை சராசரி 5.9 சதவீதம். நோய் என்று சொல்ல முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது.

"மெட்டபாலிசம் செத்துப்போச்சு, அதான்" என்று தோழிகள் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மருத்துவர் மறுத்தார். 2021இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று பார்த்தது. உடம்பின் கொழுப்பில்லாத எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறதாம். மெனோபாஸில் தனியாக ஒரு சரிவு தெரியவில்லை. விஷயம் அந்தக் "கொழுப்பில்லாத எடை"யில்தான் இருக்கிறது. தசை குறைந்தால் மொத்தச் செலவும் குறையும்.

நடுவயதுப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு சொல்வது என் கண்ணாடிக்கு அப்படியே பொருந்தியது. எடை என்னவோ வயதோடு சீராகத்தான் கூடுகிறது. மெனோபாஸுக்கான மாறுதல் தொடங்கும்போது கொழுப்பு சேரும் வேகம் சுமார் இரட்டிப்பாகிறது, அதே நேரத்தில் தசை குறைய ஆரம்பிக்கிறது. ஒன்று ஏற, இன்னொன்று இறங்க, மெஷின் ஒன்றும் நடக்காதது போல் காட்டிக்கொண்டிருக்கும். கடைசி பீரியட்ஸ் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் வரை இந்தக் கூத்து நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் முன்பு இடுப்புக்குக் கீழே, தொடையில் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிப் போய்ச் சேர்கிறது. சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் நெருக்கமான கொழுப்பு அதுதான்.

அப்படியானால் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பட்டினி கிடந்து இறக்கும் எடையில் தசையும் போகும், ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கும் எலும்பும் சேர்ந்து தேயும். முதலில் தூங்குங்கள் என்றார்.

எடையைப் பற்றிப் பேசப் போன இடத்தில் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல். ஆனால் என் இரவுகள் அப்படித்தான் இருந்தன. நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும், கழுத்தெல்லாம் நனையும், போர்வையைத் தள்ளுவேன், அடுத்த பத்தாவது நிமிடம் குளிரும். காலையில் எழும்போதே அலுப்பு. அந்த நாட்களில் மாலையானால் கை தானாக இனிப்பைத் தேடும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. இது தெரிந்தபோது பெரிய நிம்மதி. "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தது நின்றது.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் எதுவும் இருந்ததில்லை என்பதால் இந்தச் சூட்டை அடக்க, குறையும் ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சை எனக்குப் பொருந்தும் என்றார் மருத்துவர். 60 வயதுக்குள், பீரியட்ஸ் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு நன்மை தீமையைவிடக் கூடுதல் என்று விளக்கினார். இது எடை குறைக்கும் மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிட்டார். ஹார்மோன் எடுத்தால் குண்டாகிவிடுவோம் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை என்றார், எனக்கும் அப்படி ஆகவில்லை. ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம். சில வாரங்களில் சூடு அடங்கியது. மதியத்துக்கு மேல் காபியை நிறுத்தினேன். தூக்கம் திரும்பியதும் மாலைப் பசி பாதியாக இறங்கிவிட்டது, அதற்காகத் தனியாக ஒன்றும் செய்யவில்லை.

அடுத்தது தசை. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. நம் வயதுப் பெண்களுக்கு எல்லோரும் சொல்லும் ஒரே பயிற்சி நடை. நடை நல்லதுதான். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது, அதை இன்றும் விடவில்லை. ஆனால் போகிற தசையை நடை நிறுத்தி வைக்காது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைப்பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதி மட்டும் எப்படியோ நம் காதுக்கு வந்து சேர்வதில்லை.

முழங்கால் வலி இருந்ததால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவ்வளவுதான் ஆரம்பம். கேவலமாக இருக்கிறதே என்று நினைத்தேன். மறுநாள் படியிறங்கும்போது கேவலமாக இல்லை. பிறகு டம்பெல். "பெண்களுக்கானது" என்று அரை கிலோவில் ரோஸ் நிறத்தில் விற்கிறார்களே, அதைத் தொட வேண்டாம் என்றார் அந்தம்மா. உங்கள் கைப்பையே அதைவிடக் கனம் என்றார். உண்மைதான்.

அவர் சொல்லிக்கொடுத்த விதி எளிது. ஒரு எடையை உடம்பு கோணாமல் பன்னிரண்டு முறை தூக்க முடிந்து, இன்னும் நாலு முறை தூக்கலாம் என்று தோன்றினால் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் அதே டம்பெல்லை வருடக்கணக்கில் ஆட்டினால் உடம்பு பழகிக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் தூக்குவது, பின்னால் இழுப்பது, இந்த நாலு அசைவுகளே போதுமாக இருந்தன. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மெனோபாஸ் தாண்டிய பெண்களை வைத்து லிஃப்ட்மோர் என்று ஒரு சோதனை நடந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, தடவைக்கு முப்பது நிமிடம், மேற்பார்வையில் நல்ல கனமான எடைகள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. அம்மாவின் இடுப்பெலும்பை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: எலும்பு ஏற்கெனவே தேய்ந்தவர்கள் வீடியோ பார்த்துத் தூக்கக் கூடாது, ஆள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதல் சில மாதங்களில் மெஷின் அசையவே இல்லை. ஒரு கட்டத்தில் அரை கிலோ கூடியும் காட்டியது. டேப்பில் மட்டும் 94 என்பது 91 ஆகியிருந்தது. அன்றோடு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மாதம் ஒருமுறை, காலையில், மூச்சை விட்டபின், தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே டேப். அதுதான் என் நீதிபதி.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். புரதத்தைக் கூட்டினேன், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது நாளுக்கு எழுபது கிராம் அளவில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்தேன். காலையில் புரதம் இருந்தால் பதினொரு மணிக்கு எதையும் கொறிக்கத் தோன்றுவதில்லை. மாவுச்சத்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தேன். மற்றவர்கள் தட்டில் மீந்ததை வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். சராசரியாக நாளுக்கு முந்நூறு கலோரி குறைந்திருக்கும். வேகமாக இறங்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் கஷ்டம், பசியை அடக்குவது இல்லை.

ஐம்பத்தொன்றில் பீரியட்ஸ் முழுதாக நின்றது. ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், இந்த ஒன்றில் மட்டும் "பார்த்துக்கலாம்" கூடாது. நின்ற பிறகு எனக்கு வயிறு உப்புவது குறைந்தது, டேப் சொல்லும் அளவும் முன்னே பின்னே போகாமல் நிலையாக இருந்தது.

இப்போது 62 கிலோ. தொடங்கும்போது 68. இடுப்பு 84, அந்த 79 இன்னும் கைக்கு எட்டவில்லை, எட்டாமலே போகலாம். சர்க்கரை சராசரி 5.6. இந்த ஆறு கிலோ கொஞ்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் ஏழு சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்துத்தான் பழக்கவழக்கங்களை மாற்ற வைத்தார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. எனக்கு அது போதும்.

தங்கைக்கு 44 ஆகிறது. அவளையும் இழுத்துவிட்டேன், பீரியட்ஸ் தடுமாற ஆரம்பிக்கும் முன்பே தசையைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று. அக்கா புதிய எடை குறைப்பு ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரையும் இருப்பதால் அது நல்ல யோசனைதான். ஊசியில் இறங்கும் எடையிலும் ஒரு பங்கு தசைதான் என்பதால், டம்பெல்லைத் தூக்காமல் ஊசி போடாதே என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். என் டேப் இரண்டு செ.மீ. கூடினால் முதலில் தூக்கத்தைப் பார்க்கிறேன், அடுத்து எடையைக் கூட்டித் தூக்கி எத்தனை நாளாயிற்று என்று பார்க்கிறேன், தட்டுக்கு வருவது மூன்றாவதாக.