எங்கள் வீட்டு ஹாலில் ஒரு தாஸ்கா

தாஸ்கா என்றால் குழந்தைப் பராமரிப்பு நிலையம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நிறையப் பெண்கள் ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன்னே பஸ் வந்து நிற்கும். ஒரு பிள்ளை இரண்டாகி, மூன்றாகியது. நான்காவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வாசலில் நின்றபோது என் அண்ணிதான், "இனிமே பதியணும், தெரியும்தானே?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்து, அவர்களைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒன்பது பிள்ளை வரை வீட்டு தாஸ்கா. பத்தாவது பிள்ளை வந்தால் அது வேறு வகை, விதிகளும் வேறு.

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போறப்ப ஆயாக் கொட்டகையிலதான் உங்க வீட்டுக்காரரைப் போட்டுட்டுப் போவேன். வரிசையா ஏணை கட்டியிருக்கும், ஒரே ஆயா. யாரு பதிவு ஃபாரம் கேட்டா?" என்றார். அத்தை சொன்னதில் தப்பில்லை, அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒரே ஆயா என்ற அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது.

குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனபோது அதன் அர்த்தம் புரிந்தது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர். அன்று இரவு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கைக்குழந்தை இரண்டு, ஆளுக்கு மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்). ஓடியாடுகிற வயதில் ஐந்து, ஆளுக்கு 300 வெள்ளி. மொத்தம் 2,300. இந்த ஏழு பிள்ளைக்கும் இரண்டு பேர் வேண்டும். என்னோடு இன்னொரு ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. மிச்சம் 600. அதில்தான் அரிசி, காய், கேஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம். வீட்டிலேயே தாஸ்கா வைத்தால் நல்ல காசு என்று சொல்கிறவர்கள், தயவுசெய்து முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைசியில் அண்ணியே கூட்டாக வந்தார். வருகிறதில் ஆளுக்குப் பாதி. அவர் வராவிட்டால் மூன்று பிள்ளையோடு நிறுத்தியிருப்பேன்.

தொழில்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் கடைப் பெயரைப் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி. அது சீக்கிரம் முடிந்தது. டைபாய்டு ஊசி, உணவு கையாளும் வகுப்பு, முதலுதவி வகுப்பு எல்லாம் அண்ணியும் நானும் சேர்ந்தே போய் முடித்தோம். வீட்டைத் தயார் செய்ததுதான் பெரிய வேலை. ஒரு பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பதால் சோபாவும் கண்ணாடி அலமாரியும் ஹாலை விட்டுப் போயின. அடுப்படிக்குத் தடுப்புக் கதவு, பிளக்குக்கெல்லாம் மூடி, பின்வாசல் கால்வாய்க்கு இரும்பு வலை. சாமி மேடை விளக்கையும் எட்டாத உயரத்துக்கு ஏற்றினோம்.

ஏணைதான் பெரிய சண்டையானது. கைக்குழந்தையைச் சமமான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு பிள்ளையின் பாட்டி ஸ்பிரிங் தொட்டிலையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். "ஆட்டாம எப்படிம்மா தூங்கும்?" என்றார். "பாட்டி, ரெண்டு வாரம் மட்டும் எனக்குக் கொடுங்க" என்று கெஞ்சினேன். முதல் நாலு நாள் பிள்ளை அழுதது, நானும் கூட அழுதேன். ஐந்தாம் நாள் மதியம் மெத்தையில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கியது. உடனே பாட்டிக்குப் படம் அனுப்பினேன்.

அதிகாரி வந்து பார்த்த அன்று மழை. பிள்ளைகளின் கிளினிக் புத்தக நகல்கள், தாய் தகப்பன் தவிர யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற பட்டியல், வருகைப் புத்தகம் எல்லாம் மேசையில் வைத்திருந்தேன். கூட்டிப்போகிற பட்டியல் மிக முக்கியம். ஒருமுறை சித்தப்பா என்று சொல்லி ஒருவர் வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. தாய்க்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பிள்ளையை விட்டேன். அவருக்குக் கோபம், தாய்க்கோ நிம்மதி.

கை, கால், வாய்ப்புண் நோய் கண்ட பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது இன்னும் எனக்குக் கஷ்டம்தான். அந்தத் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்று தெரியும். ஆனாலும் அனுப்பிவிடுகிறேன், உள்ளே கைக்குழந்தைகள் இருக்கின்றன.

போன வாரம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஏழு மாதக் குழந்தையோடு வந்தாள். "ஒண்ணுதானே அக்கா" என்றாள். எனக்கு ஏற்கெனவே மூன்று கைக்குழந்தை ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஒன்றுக்கு ஒரு வயது முடிகிறது, அந்த இடம் உனக்குத்தான் என்று பெயரை எழுதிக்கொண்டேன்.