ஒரு வரி எழுதினேன், ஏழு பேர் வந்தார்கள்

இரவில் எடுக்கும் காப்புப் பிரதிகளைக் கிளவுட் சேமிப்பில் ஏற்றிவைக்கும் சின்ன பைதான் நிரல் அது. எழுபது வரிகூடத் தேறாது. அதற்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்து நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு: போட்டோ3 (boto3). தமிழில் எழுதினால் நிழற்படச் சமாசாரம் போல ஒலிக்கிறது. உண்மையில் அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயர். அமேசானின் கிளவுட் சேவைகளோடு பேசும் லைப்ரரிக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பைதானுக்கு லைப்ரரிகளை நிறுவித் தரும் கருவி பிப். 'பிப் இன்ஸ்டால் போட்டோ3' என்று அடித்தேன். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. நிரல் ஓடியது, கோப்பு மேலே போனது. நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் குறித்துவைக்கும் தேவைகள் கோப்பில் 'போட்டோ3' என்று ஒரு வரி எழுதி வைத்தேன், பதிப்பு எண் இல்லாமல். சர்வரிலும் அதே கோப்பை வைத்து நிறுவிவிட்டு மறந்துபோனேன்.

நிறுவி முடித்ததும் பிப் காட்டிய கடைசி வரியை அன்று படித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. அதில் ஏழு பெயர்கள் இருந்தன: போட்டோ3, போட்டோகோர், எஸ்3டிரான்ஸ்ஃபர், ஜேம்ஸ்பாத், பைதான்-டேட்யூடில், சிக்ஸ், யூஆர்எல்லிப்3. நான் அழைத்தது ஒருவரை. அவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார். இதில் சிக்ஸ் என்பது பைதான் 2, பைதான் 3 இரண்டிலும் ஒரே நிரலை ஓட்டுவதற்காக எழுதப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயர். பைதான் 2-க்கு 2020-இலேயே விடைகொடுத்தாகிவிட்டது. அதற்கு இன்னும் இந்த வீட்டில் ஓர் அறை இருக்கிறது.

2023 மே மாதம் ஒரு மாலை. வேலை அதிகமில்லை. எதையாவது ஒழுங்குபடுத்துவோமே என்று என் கணினியில் 'பிப் லிஸ்ட்' கட்டளையோடு, பழையதாகிவிட்டவற்றை மட்டும் காட்டு என்ற விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினேன். நீளமான பட்டியல். அழுக்குத் துணிக் கூடையைப் பார்த்ததுபோல ஆகிவிட்டது எனக்கு. போட்டோ என்று தொடங்கும் பெயர்களை மட்டும் பயந்து விட்டுவிட்டு, தொடர்பில்லாதவை என்று எனக்குத் தோன்றியவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தேன். அவற்றில் யூஆர்எல்லிப்3-உம் ஒன்று. புதிதாக வெளிவந்திருந்த 2.0 வரிசைக்கு அது தாவியது.

அந்த நேரத்தில் திரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் சிவப்பில் சில வரிகள் வந்தன. போட்டோகோருக்கு யூஆர்எல்லிப்3 1.27-க்குக் கீழே இருக்க வேண்டும், உங்களிடம் இருப்பதோ 2.0, பொருந்தாது என்று எழுத்துக்கு எழுத்துச் சொன்னது. அதற்கு நேர்கீழே அடுத்த வரி: வெற்றிகரமாக நிறுவப்பட்டது. இரண்டில் எதை நம்புவது? நான் நல்ல செய்தியை நம்பினேன். ஒரு லைப்ரரியை நிறுவச் சொல்லும்போது அதற்கு என்னென்ன வேண்டும் என்பதைத்தான் பிப் கணக்குப் பார்க்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அதனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் எச்சரிக்கையாகச் சொல்கிறதே ஒழிய, கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. அதை அது மறைக்கவும் இல்லை, படிக்காதது நான்.

மறுநாள் நிரல் முதல் வரியிலேயே விழுந்தது. யூஆர்எல்லிப்3-க்குள்ளிருந்து 'டீஃபால்ட் சைஃபர்ஸ்' என்ற பெயரை எடுக்க முடியவில்லை என்றது. குறியாக்க முறைகளின் பட்டியல் அது. பழைய போட்டோகோர் அதை அங்கே தேடிப் போகும், 2.0-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. நான் அந்தப் பெயரை என் வாழ்நாளில் எங்கும் எழுதியதில்லை. என் நிரலில் பிழை தேடிக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கிய பிறகுதான் முந்தைய மாலையின் சிவப்பு வரிகள் நினைவுக்கு வந்தன.

யூஆர்எல்லிப்3-ஐப் பழைய பதிப்புக்கு இறக்கியதும் நிரல் எழுந்துவிட்டது. சந்தேகத்தின் பேரில், நிறுவியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் 'பிப் செக்' அடித்தேன். வேறு இரண்டு லைப்ரரிகள் வேறு இரண்டைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றையும் இறக்கினால் இன்னொன்று கிளம்பும். இந்தக் கயிறு இழுக்கும் விளையாட்டை விட்டுவிட்டு, நிறுவிய லைப்ரரிகளைத் தனியாக வைத்திருக்கும் மெய்நிகர் சூழல் இருந்த அடைவையே அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது: முன்பு எந்தப் பதிப்புகள் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. என் தேவைகள் கோப்பில் இருந்ததோ எண்ணில்லாத ஒற்றைப் பெயர். போட்டோ3-க்குப் பெரும்பாலான வேலை நாள்களில் புதுப் பதிப்பு வந்துவிடும். அந்தப் பெயரை மட்டும் நம்பி நிறுவினால் திங்கள்கிழமைக்கு ஒன்று, வியாழக்கிழமைக்கு ஒன்று என்றுதான் கிடைக்கும்.

காப்பாற்றியது சர்வர். அங்கே யாரும் ஒழுங்குபடுத்தப் போகவில்லை. உள்ளே நுழைந்து 'பிப் ஃப்ரீஸ்' ஓட்டியதும் ஏழு பெயர்களும் அவரவர் எண்களோடு வந்து நின்றன.

அதற்குப் பிறகு இரண்டு கோப்புகளாகப் பிரித்தேன். ஒன்றில் எனக்கு நேரடியாக வேண்டியது மட்டும். அதில் இப்போதும் ஒரே வரிதான். அதைப் பிப்-டூல்ஸ் என்ற கருவி படித்து இரண்டாவது கோப்பை உருவாக்கும். அதில் ஏழு பேரும் துல்லியமான எண்களோடு இருப்பார்கள். யாரால் யார் வந்தார் என்பதும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பாக இருக்கும். 'யூஆர்எல்லிப்3: போட்டோகோர் வழியாக' என்ற அந்தக் குறிப்பை முதலிலேயே பார்த்திருந்தால் அதைத் தொடர்பில்லாதவர் என்று நினைத்திருக்க மாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே பிப்பின் வேலையைச் செய்யும் என்பிஎம், என் இரண்டாவது கோப்பைப் போலத் துல்லியமான எண்களைப் பிடித்துவைக்கும் பூட்டுக் கோப்பைத் தானாகவே எழுதிவிடுகிறது. 'என்பிஎம் சிஐ' என்று அடித்தால் அந்தக் கோப்பில் உள்ளதை மட்டுமே நிறுவும்; தேவைப் பட்டியலும் பூட்டும் ஒத்துப்போகாவிட்டால் நிறுவவே மறுக்கும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து போட்டோகோரே யூஆர்எல்லிப்3-இன் 2.0 வரிசையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. என் கணினியில் இரண்டாவது கோப்பை மறுபடி உருவாக்கினேன். சண்டை சச்சரவில்லாமல் புது எண் வந்து உட்கார்ந்தது. கோப்பைச் சர்வருக்கு அனுப்பினேன். அங்கே பிப் நிறுவ மறுத்தது: போட்டோகோருக்கு 1.27-க்குக் கீழேதான் வேண்டுமாம்.

அதே போட்டோகோர், அதே எண். அரை நாள் விழித்த பிறகு காரணம் கிடைத்தது. பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே அது 2.0-ஐ அனுமதிக்கிறது, அதற்குக் கீழே பழைய நிபந்தனைதான். பதிப்பு எண்களில் 3.9-க்கு அடுத்தது 3.10. என் கணினியில் 3.11, சர்வரில் 3.9. பூட்டுக் கோப்பு எந்தப் பைதானில் பிறந்ததோ அதற்குத்தான் செல்லும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது அந்தக் கோப்பைச் சர்வரில் உள்ள அதே 3.9-ஐக் கொண்டுதான் உருவாக்குகிறேன். சர்வரில் பைதானை உயர்த்தும் வேலை என் பட்டியலில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை.