தாயத்தின் நடுவில் ஒரு பல்லுறுப்பி

கொழும்பில் இயற்பியல் மாணவர்களுக்குக் கணித முறைகள் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், லெஜெண்டர் பல்லுறுப்பிகளை வகையீட்டுச் சமன்பாட்டிலிருந்து பெற்று, அவற்றின் நிமிர்கோணத்தன்மையை, அதாவது வெவ்வேறான இரண்டைப் பெருக்கித் தொகையிட்டால் பூச்சியம் வருவதை, பகுதிகளாகத் தொகையிட்டு நிறுவிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு மாலை, வெள்ளவத்தை ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருவர், "சேர், நிறுவல் விளங்குது, ஆனா இந்தப் பல்லுறுப்பிகள் எங்கயிருந்து வருகுது?" என்று கேட்டார். உடனடியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மறுவாரம் கரும்பலகையில் இரு மாறிகளை ஓர் அரைக்கோணத்தால் சுழற்றி, அவற்றின் வர்க்கங்களின் பெருக்கத்தை விரித்தேன். விரிவில் மீண்டும் வரும் அதே பெருக்கத்தின் குணகமாக வந்தது, கோசைனின் நான்காம் அடுக்குடன் சைனின் நான்காம் அடுக்கைக் கூட்டி, கோசைன் வர்க்கம், சைன் வர்க்கம் இரண்டினதும் பெருக்கத்தின் 4 மடங்கைக் கழித்தது. முழுக்கோணத்தின் கோசைனில் எழுதினால் அதுவே இரண்டாம் லெஜெண்டர் பல்லுறுப்பி. எல்லாச் சுழற்சிகளும் சேர்ந்ததே சுழற்சிக் குலம்; ஒவ்வொரு சுழற்சியையும் ஒரு தாயமாக (இந்தியப் பாடநூல்கள் இதனை அணி என்கின்றன) எழுதுவது அதன் வகைக்குறிப்பு. அதன் 5×5 வகைக்குறிப்புத் தாயத்தில் அது நட்டநடு உறுப்பு. 1, 4, 1 என்பவை ஈருறுப்புக் குணகங்கள் 1, 2, 1 இன் வர்க்கங்கள். குறி மட்டும் மாறி மாறி வருகிறது. நிமிர்கோணத்தன்மையோ, வெவ்வேறு பகுக்கமுடியாத (மேலும் சிறியவையாகப் பிரியாத) வகைக்குறிப்புகளின் தாய உறுப்புகளுக்கு ஷூர் தேற்றம் தருவதேயன்றி வேறில்லை.

தாயத்தின் நடுவை விட்டு விலகினால், லெஜெண்டர் பல்லுறுப்பிகளின் பொதுவடிவமான யாக்கோபி பல்லுறுப்பிகள் வருகின்றன. ஆனால் அவற்றைக் குறித்துக்காட்டும் இரு பரமானங்களும் முழுவெண்களாகவே அமையும். அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் உறுப்பெண்ணின் விகிதமுறு சார்பாக இருக்கும் ஹைப்பர்ஜியோமெட்ரிக் தொடராக, 1812 இல் கௌஸ் ஆராய்ந்த வகையில், அவற்றை எழுதியதும், அந்தப் பரமானங்கள் −1 ஐ விடப் பெரிய எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்றாகிறது. சூத்திரம் உயிரோடிருக்க, அதைப் பெற்ற குலம் அங்கே காணாமற்போவது எனக்கு நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது.

இதைவிட வியப்பானது இயற்பியலாளர் ராக்காவின் கதை. கோண உந்தங்களைச் சேர்க்கும் குணகங்களுக்கு அவர் 1942 இல் தந்த கூட்டுத்தொகைக்குள் ஒரு நிமிர்கோணப் பல்லுறுப்பிக் குடும்பம் இருப்பதை, கணிதவியலாளர்கள் ஆஸ்கியும் வில்சனும் 1979 இல்தான் வெளியிட்டார்கள். அணுக்களின் ஒளி நிறமாலையை ஆராய்பவர்கள் இடைப்பட்ட காலமெல்லாம் அந்த எண்களை அட்டவணையிட்டுப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது என் குறிப்புகளில் சுழற்சிக் கணக்கு முதலில் வருகிறது. பகுதிகளாகத் தொகையிடும் பழைய நிறுவலை எடுத்துவிட நினைத்தேன். பரமானம் அரையோ மூன்றிலொன்றோ ஆகும்போது கைகொடுப்பது அதுதான் என்பதால், அதை அப்படியே விட்டிருக்கிறேன்.