அல்மாஷ் பிட்டே: அடி நமுத்துப் போகாத ஹங்கேரிய ஆப்பிள் துண்டுகள்

ஹங்கேரியில் வீட்டு அடுப்படியிலும் பேக்கரியிலும் ஒருசேரக் கிடைக்கும் பலகாரம் அல்மாஷ் பிட்டே. கீழே ஒரு மாவுத் தகடு, நடுவில் பட்டை மணக்கும் துருவிய ஆப்பிள், மேலே இன்னொரு தகடு. பெரிய ட்ரேயில் சுட்டுச் சதுரமாக வெட்டுவார்கள். இது நன்றாக வருவதும் சொதப்புவதும் ஆப்பிளில் உள்ள தண்ணீரைப் பொறுத்தது.

25க்கு 35 செ.மீ. ட்ரேக்கு அளவு: மைதா 500 கிராம், உப்பில்லாத குளிர்ந்த வெண்ணெய் 250, பொடித்த சர்க்கரை 150, பேக்கிங் பவுடர் 10, ஒரு சிட்டிகை உப்பு, 2 முட்டை மஞ்சள் கரு, சவர் கிரீம் சுமார் 120 கிராம். சவர் கிரீம் கிடைக்காவிட்டால் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் போதும். வெள்ளைக் கருவைக் கொட்டிவிடாதீர்கள், வேலை இருக்கிறது.

மைதாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, ரொட்டித்தூள் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மற்றவை. சவர் கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மாவு ஒன்றுகூடியதும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போல் அடித்துப் பிசைந்தால் இழுவை வந்து, ஓவனில் சுருங்கி, கடிக்கவும் கடினமாகிவிடும். இரண்டு பங்காக்கி (அடிக்கான பங்கு சற்றுப் பெரிதாக) ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆப்பிள் ஒன்றரை கிலோ. புளிப்பும் கெட்டித்தன்மையும் வேண்டும். அங்கே ஜோனாதன் வகையை விரும்புவார்கள், பச்சை கிரானி ஸ்மித்தும் அருமையாக வரும். மாவாக உதிரும் இனிப்பு ஆப்பிள் வேண்டவே வேண்டாம். தோல் சீவி, பெரிய கண்ணில் துருவி, 100 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும் கலந்து 20 நிமிடம் விடுங்கள். சர்க்கரை நீரை வெளியே இழுத்துவிடும். கைப்பிடி கைப்பிடியாக அழுத்திப் பிழியுங்கள். அந்தச் சாற்றை வீணாக்காமல், மூன்று ஸ்பூன் பாகாகும்வரை சுண்டக் காய்ச்சித் துருவலிலேயே ஊற்றுங்கள். மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள் சேருங்கள்.

இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவே மாவைத் தேயுங்கள். அடித் தகட்டை ட்ரேயில் விரித்து, அடித்த வெள்ளைக் கருவைப் பூசி, மேலே 3 மேசைக்கரண்டி ரவை தூவுங்கள். ஹங்கேரியிலும் ரவைதான், இல்லையேல் ரொட்டித்தூள். வெள்ளைக் கரு ஈரத்தைத் தடுக்கும். தப்பி இறங்குவதை ரவை குடித்துக்கொள்ளும். ஆப்பிளைப் பரப்பி மேல் தகட்டைப் போடுங்கள். கிழிந்தால் விரலால் ஒட்டிவிடலாம். மிச்ச வெள்ளைக் கருவைப் பூசி, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்துங்கள். ஆவிக்கு வழியில்லாவிட்டால் மேல்தகடு உப்பி, ஆப்பிளை விட்டுப் பிரிந்துவிடும்.

முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். ட்ரேயைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நடுத்தட்டில் வைத்தால் மேலே சிவந்தபின்னும் அடி வேகாமல் வெளிறிக் கிடக்கும்.

சூட்டோடு வெட்டினால் கலைந்துவிடும். ஆப்பிளில் இயல்பாக உள்ள பெக்டின் என்ற இறுக்கும் பொருள் ஆறினால்தான் இறுகும், மூன்று மணி நேரமாவது பொறுங்கள். பொடித்த சர்க்கரையையும் ஆறியபிறகே தூவ வேண்டும், இல்லையேல் உருகிப் பிசுபிசுக்கும். நீளத்தில் 6, அகலத்தில் 4 என வெட்டினால் 24 துண்டு. மறுநாள் மாவு இன்னும் மிருதுவாகிச் சுவை கூடியிருக்கும்.