கொடி பிடித்து ஓடுகிறவன் வாங்கும் திட்டு

அரை மராத்தானில் பேஸராக ஓடுவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெருமையான வேலை. முதுகில் 2:00 என்று எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிற அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். 21.1 கிலோமீட்டர், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் 40 விநாடி, கூடவும் கூடாது குறையவும் கூடாது. அவ்வளவுதான் வேலை. ஆனால் திட்டு வாங்காமல் முடித்த பேஸர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் கால் துறுதுறுவென்று இருக்கும். "என்ன சார், நடந்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் பறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, எப்படியும் பின்னால் சந்திக்கத்தானே போகிறோம்.

அப்புறம் வாட்ச் பஞ்சாயத்து. பந்தயப் பாதையை அளப்பது வளைவுகளின் உள்பக்கத்தை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில். நாமோ தண்ணீர் மேசைக்கு இந்தப் பக்கம், நிழலுக்கு அந்தப் பக்கம் என்று வளைந்து நெளிந்து ஓடுகிறோம், ஜிபிஎஸ் அதையும் சேர்த்துக் கணக்கில் எழுதிவிடும். அதனால் கிலோமீட்டர் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே எல்லார் கையிலும் பீப் பீப். உடனே "என் வாட்ச்ல 5:35 காட்டுது, ஓவரா போறீங்க" என்று புகார். அதை நம்பி ஓடினால் கொடி இரண்டு மணி தாண்டித்தான் போய்ச் சேரும், அதனால் நான் பலகையைப் பார்த்து வாட்சின் பொத்தானை அமுக்கி நேரம் குறிக்கிற ஆள்.

2019-ல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே முழு மராத்தான் தூரத்தை 1:59:40-ல் முடித்தபோது அவருக்காக 41 பேஸர்கள் மாறி மாறி ஓடினார்கள், முன்னால் ஒரு கார் சாலையில் லேசர் கோடு போட்டுக்கொண்டே போனது. கிலோமீட்டருக்கு 2:50, அதாவது என் வேகத்தைப் போல மிகச்சரியாக இரண்டு மடங்கு. எனக்குக் கொடுத்தது ஒரு கொடி. பின்னாலிருந்து காற்றடித்தால் அதுவும் முகத்தை மூடிக்கொள்ளும்.

பதினேழாவது கிலோமீட்டரில் தொப்பிக்காரர் கிடைத்தார். கையை இடுப்பில் வைத்து நின்றவர், கொடியைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா போங்க சார், நாங்கள்லாம் மனுஷங்க இல்லையா?" என்றார்.

முடிவுக் கோட்டைத் தொட்டபோது 1:59:48. அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். பதக்கத்தை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார், நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன்.

"கடைசி நாலு கிலோமீட்டர் ஏன் சார் அப்படி ஓடுனீங்க?"

வாட்சைக் காட்டினேன். 5:41, 5:40, 5:41, 5:40.

உற்றுப் பார்த்தார். "முதல்ல இந்த வாட்சை மாத்துங்க சார்."